பொய் முட்டையும் பூநாரையும்: சிங்கப்பூரில் ஐந்து நாள்

நாள் 1: ஈசூன்

திருச்சியில் நள்ளிரவு ஏறிய விமானம் சாங்கியில் இறங்கியபோது வெளியே இன்னும் இருட்டு. இங்கே ஏழு மணிக்குத்தான் விடிகிறது. பெரியப்பா குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். "என்னம்மா, இளைச்சுட்டே" என்றார். இளைக்கவில்லை. ஆனாலும் கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

பெரியப்பா இருபத்திரண்டு வயதில் வேதாரண்யத்திலிருந்து இங்கே வந்தவர். முப்பது வருஷம் நீர்ப்பறவைகளுக்குத் தீனி வைத்து, கூடு போட்டு, குஞ்சு வளர்த்து ஓய்வு பெற்றவர். எங்கே என்று எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "நான் சொல்றது என் கை கண்டது. எந்த இடத்து தலையிலயும் அது விழவேண்டாம்." சரி, எழுதவில்லை.

ஈசூனில் ஒன்பதாவது மாடியில் வீவக வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடு. பெரியம்மா இட்லி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் கூடத்துக் கண்ணாடி அலமாரியை வேடிக்கை பார்த்தேன். முருகன் சிலை, பேரன் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பை, இரண்டுக்கும் நடுவே பழைய தேத்தண்ணிக் கிண்ணத்தில் ஒரு முட்டை. கோழி முட்டையைவிட ஒன்றரை மடங்கு நீளம் இருக்கும். சுண்ணாம்பு பூசினது மாதிரி மங்கலான வெள்ளை. எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் வெள்ளை தேய்ந்து உள்ளே பழுப்பாக மர ரேகை தெரிந்தது.

"பூநாரை முட்டை. பொய் முட்டை" என்றார் பெரியப்பா.

பூநாரை, அதாவது ஃபிளமிங்கோ, ஒரு தடவைக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அது உருண்டு போனால், கூட்டுச் சண்டையில் உதை வாங்கி உடைந்தால், அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் நிஜ முட்டையை எடுத்து அடைகாக்கும் பெட்டியில் வைத்துவிட்டு, தாயும் தகப்பனும் உட்கார மர முட்டையை வைப்பார்கள். இரண்டும் மாறி மாறி அதன்மேல் உட்காரும். 27 நாளிலிருந்து 31 நாளுக்குள் பெட்டியில் இருக்கும் முட்டைக்குள்ளிருந்து குஞ்சு சத்தம் கொடுக்கும். ஓட்டில் விரிசல் விழ ஆரம்பித்ததும் எடுத்துக்கொண்டு போய், மர முட்டையை உருவிவிட்டு அதை வைக்கவேண்டும். உள்ளே குஞ்சு கத்தும், மேலே தாய் பதில் கொடுக்கும். ஒரு மாசமாகக் கட்டையைத்தான் அடைகாத்தோம் என்று அதற்குத் தெரியாது.

"இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கலை. நம்ம ஆத்தா செஞ்சதுதானே" என்றார். எனக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆத்தா கோழிக்கூடையிலிருந்து எல்லா முட்டையையும் எடுக்கமாட்டாள். ஒன்றை விட்டுவைப்பாள். காலியாகிவிட்டால் கோழி வேறு இடம் தேடிப் போய்விடும் என்பாள். அடை வைத்து ஒரு வாரம் கழித்து முட்டைகளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கூமுட்டையைத் தனியாக ஒதுக்குவாள். பெரியப்பா பின்னால் டார்ச் வைத்துச் செய்ததும் அதே வேலைதான்.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். நானும் பெரியப்பாவும் பூநாரை ஊர்க்காரர்கள். கோடியக்கரைச் சதுப்பிலும் வேதாரண்யம் உப்பளத்துக்குப் பக்கத்திலும் பனிக்காலத்தில் அவை ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். ஆனால் ஊரில் யாரும் அதன் முட்டையைப் பார்த்ததில்லை. அவை கூடு கட்டும் இடம் எங்கோ வடக்கே, குஜராத்தில் கட்ச் ரண் பக்கம். நம் ஊருக்கு விருந்தாளியாக வரும், தின்னும், கிளம்பிவிடும். உப்பளத்துப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர் முதல் பூநாரை முட்டையைக் கண்டது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், சம்பளத்துக்கு.

இட்லி ஆறிவிட்டது என்று பெரியம்மா கத்தினார்.

நாள் 2: மண்டாய்

பறவைகள் பூங்காவுக்கான நுழைவுச்சீட்டை ஊரிலிருந்தே பதிவு செய்திருந்தேன். வாசலில் நீட்டியபோதுதான் தெரிந்தது, நாளை மறுநாளைக்குப் பதிவு செய்திருக்கிறேன். என் தப்புதான். புதிதாக ஒன்று வாங்கினேன். எத்தனை வெள்ளி (டாலர்) என்று பெரியம்மாவிடம் சொல்லவில்லை, இங்கும் எழுதப் போவதில்லை.

காத்திப் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து பேருந்தில் ஏறினால் மண்டாய் வந்துவிடுகிறது. பறவைகள் பூங்கா முன்பு ஜூரோங்கில் இருந்தது. உலக வங்கிக் கூட்டத்துக்காக ரியோ டி ஜெனிரோ போன சிங்கப்பூர் அமைச்சர் கோ கெங் சுவீ, அங்கே உயிரியல் பூங்காவில் ஆள் உள்ளே நடந்து போகிற மாதிரி ஒரு பெரிய பறவைக்கூண்டைப் பார்த்துவிட்டு வந்து, நமக்கும் ஒன்று வேண்டும் என்றாராம். 1971 ஜனவரி 3-ல் ஜூரோங் பூங்கா திறந்தது. சரியாக 52 வருஷம் கழித்து 2023 ஜனவரி 3-ல் மூடியது. அதே வருஷம் மே மாதம் மண்டாயில் 'பேர்ட் பேரடைஸ்' திறந்தார்கள். 17 ஹெக்டேர், 400 இனம், 3,500 பறவை. ஜூரோங்கின் 30 மீட்டர் அருவியைப் பற்றிப் பெரியப்பா வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். வாழ்ந்த வீட்டை விற்றவர்கள் இப்படித்தான் பேசுவார்கள்.

பெங்குவின் பக்கம் ஐந்து நிமிஷம். கூட்டம். குளிர் நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

மற்ற நேரமெல்லாம் செந்நிறச் சதுப்பில்தான். 'கிரிம்சன் வெட்லண்ட்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்கப் பூநாரை, செந்நிற அரிவாள் மூக்கன், ரோஜா நிறக் கரண்டிவாயன், பஞ்சவர்ணக் கிளிகள், பின்னால் அருவி. நம் ஊருக்கு வரும் பெரும்பூநாரை தண்ணீர் விட்டுக் கலந்த ரோஸ் நிறம். பறக்கும்போதுதான் இறக்கைக்குள்ளிருந்து சிவப்பு தெரியும். இது அப்படி இல்லை. உச்சி முதல் வால் வரை பவளம். முதல் தடவை பார்க்கும்போது யாரோ சாயம் பூசிவிட்டது போலத்தான் இருக்கிறது.

ஒரு வகையில் சாயம்தான் என்றார் பெரியப்பா. பூநாரையின் உடம்பு தானாக அந்த நிறத்தைச் செய்துகொள்ளாது. உப்புத் தண்ணீரில் இருக்கும் பாசியையும் அதைத் தின்னும் குட்டி இறாலையும் தின்னும்போது கரோட்டினாய்டு உள்ளே போகிறது. கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் பொருள்களின் குடும்பம். அடைத்து வளர்த்து வெறும் தானியம் போட்டால் ஒவ்வொரு இறகு உதிர்ப்புக்கும் வெளுத்து, கடைசியில் சலவைக்குப் போட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் பூநாரைத் தீனியில் கேந்தசாந்தின் என்ற சிவப்பைச் சேர்க்கிறார்கள். நிறம் மனிதர்கள் பார்ப்பதற்கு மட்டுமில்லை. பூநாரை தன் வாலடிச் சுரப்பியில் ஊறும் சிவந்த எண்ணெயைக் கன்னத்தில் தேய்த்துக் கழுத்திலும் முதுகிலும் பூசிக்கொள்ளும். ஜோடி தேடும் காலத்தில் இந்தப் பூச்சு அதிகம், குஞ்சு பொரித்தபின் நின்றுவிடும். இதைக் கேட்டுவிட்டுப் பெரியம்மா சொன்னது: "கல்யாணம் ஆனப்புறம் எவ பவுடர் போடுறா."

தீனியைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் வைக்கவேண்டும். தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்பாகம் கீழே வருகிற மாதிரி வைத்து வடிகட்டித் தின்னும் பிராணி அது. நாக்குதான் பம்பு. முன்னும் பின்னும் தள்ளித் தண்ணீரை இழுத்து வெளியே விடும். அலகின் ஓரத்தில் சீப்பு மாதிரிப் பற்கள் தீனியைப் பிடித்துக்கொள்ளும். பெரியப்பாவுக்கு முப்பது வருஷப் பகை ஒன்று உண்டு என்றால் அது மைனாக்களோடுதான். பூநாரைக்கு வைத்த தீனியைத் தின்று மைனாவெல்லாம் கொழுத்ததாம்.

எங்கள் பக்கத்தில் ஒரு சின்னப் பையன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான், "அது ஏன் ஒத்தக் கால்ல நிக்குது?" அம்மா, "இன்னொரு கால் வலிக்குதாம்" என்றார். பெரியப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. ஒற்றைக் காலில் நிற்பதுதான் அதற்கு ஓய்வு தம்பி, இரண்டு காலில் நிற்கத்தான் தசைக்கு வேலை என்றார். அவர் சும்மா சொல்லவில்லை. 2017-ல் அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் செத்த பூநாரையின் உடலையே ஒற்றைக் காலில் நிறுத்திக் காட்டினார்கள். மூட்டு தானாகப் பூட்டிக்கொள்கிறது, இரண்டு காலில் வைத்தால் சாய்ந்துவிடுகிறது. செத்த பறவை சமாச்சாரத்தைப் பையனிடம் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்.

பத்தரை மணிவாக்கில் அது நடந்தது. தண்ணீரில் அங்கங்கே நின்ற பறவைகளில் ஒன்று கழுத்தைக் கம்பு மாதிரி நிமிர்த்தித் தலையை மட்டும் இடதும் வலதுமாக வெட்டி வெட்டித் திருப்பியது. பக்கத்தில் இருந்தது அதைப் பார்த்து ஆரம்பித்தது. அப்புறம் மூன்று, அப்புறம் பத்து. திடீரென்று எல்லாம் நெருங்கி ஒரே கொத்தாகி, ஒரு பக்கமாக நாலைந்து அடி வேகமாக நடந்து, சொல்லி வைத்த மாதிரி திரும்பி, வந்த வழியே நடந்தன. நடுவே ஒன்று இறக்கையை விரித்தது. உள்ளே கருப்பும் சிவப்பும். மூன்று விநாடியில் மடக்கிவிட்டது. வாத்துக் கூட்டம் மாதிரிச் சத்தம். எனக்கு அது அணிவகுப்பாகவும் தெரிந்தது, கோயில் திருவிழாவில் காவடிக்குப் பின்னால் போகும் கூட்டமாகவும் தெரிந்தது.

"பாத்தியா? இதுதான் ஆரம்பம். இது இல்லேன்னா முட்டை இல்லை" என்றார் பெரியப்பா. குரல் இறங்கியிருந்தது.

இனிமேல் எழுதுவதுதான் இந்தப் பயணத்தில் நான் தெரிந்துகொண்ட விஷயம். பூநாரை ஜோடியாகத்தான் குடும்பம் நடத்தும், ஆனால் ஜோடியாக மட்டும் இருந்தால் குடும்பம் நடத்தாது. ஓர் ஆண், ஒரு பெண், நல்ல குளம், நல்ல தீனி, எல்லாம் கொடுத்தாலும் பத்துப் பறவை இருக்கும் கூட்டம் வருஷக்கணக்கில் சும்மா நிற்கும். சுற்றிலும் பலபேர் தலையாட்ட வேண்டும், நடக்கவேண்டும், கத்தவேண்டும். அப்போதுதான் எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் அந்த நினைப்பு வரும். குறைந்தது நாற்பது பறவை இருந்தால் நல்லது என்பது வளர்ப்பவர்கள் கணக்கு. அத்தனை இல்லாத இடங்களில் என்ன செய்வார்கள்? கண்ணாடி வைப்பார்கள். நிஜமாகவே, சலூனில் இருக்கிற மாதிரி ஆளுயரக் கண்ணாடியைக் குளக்கரையில் நிறுத்துவார்கள். இருபது நாற்பதாகத் தெரியும். பெரியப்பாவும் வைத்திருக்கிறார். "முதல் நாள் பயந்துச்சுங்க. மூணாம் நாள் கண்ணாடிக்குள்ள இருக்கறவங்களோட சேர்ந்து நடக்க ஆரம்பிச்சுட்டுதுங்க."

அப்புறம் மழை. காட்டில் மழை பெய்து தண்ணீர் ஏறி, சேறு பதமாகும்போதுதான் பூநாரை கூடு கட்டும். அடைத்து வளர்க்கும் இடத்தில் மழை பொய்த்தால் தெளிப்பான் போட்டு மழை காட்டுவார்கள். சேறு எப்போதும் குழைவாக, நம் ஊரில் பானை வனைபவர் மிதித்துவைத்த மண் மாதிரி இருக்கவேண்டும். பெரியப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து காற்றில் கையால் செய்து காட்டினார். முழங்கால் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு சேற்று மேடு, உச்சியில் கிண்ணம் மாதிரிக் குழி. மேடாக இருந்தால்தான் தண்ணீர் ஏறினாலும் முட்டை தப்பும், தரையின் அனலும் ஏறாது. பறவை தானாகவே அலகால் சேற்றை இழுத்து இழுத்துக் கட்டும். ஆனால் முதலில் மனிதன் நாலைந்து மேடு கட்டி, ஒன்றிரண்டில் பொய் முட்டையும் வைத்துவிட்டால், யாரோ ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்து மற்றவையும் ஆரம்பிக்கும். மறுபடி அதே கதைதான், பக்கத்து வீட்டில் நடந்தால்தான் நம் வீட்டில் நடக்கும்.

மழை, சேறு, கூட்டம், முட்டை எல்லாவற்றையும் ஜோடித்துக் கொடுத்துவிட்டு ஆள் விலகிவிட வேண்டும். அதுதான் கஷ்டம் என்றார். அவர் செய்த பெரிய தப்பை அங்கே வைத்துத்தான் சொன்னார். ஒரு வருஷம் பதினோரு முட்டை. எல்லாம் சொந்தக் கூட்டிலேயே, பெட்டியில் ஒன்றுகூட இல்லை. அவருடைய பழைய கறுப்பு ரப்பர் பூட்ஸ் கிழிந்துவிட்டது. கடையில் அந்த அளவில் மஞ்சள்தான் இருந்தது. போட்டுக்கொண்டு காலையில் தீனி வாளியோடு போனார். தினம் போகும் அதே ஆள், அதே நேரம், அதே வாளி. மஞ்சள் கால் மட்டும் புதுசு. மொத்தக் கூட்டமும் எழுந்து தண்ணீருக்குள் ஓடிவிட்டது. எழுந்த வேகத்தில் நான்கு முட்டை உருண்டது. இரண்டு உடைந்தது. அந்தப் பூட்ஸை அதற்கப்புறம் அவர் போடவே இல்லை, குப்பையிலும் போடவில்லை. ஸ்டோர் ரூமில் இருக்கிறதாம். பெரியம்மா அதில் துடைப்பத்தைச் சொருகி வைத்திருக்கிறார்.

குஞ்சு பற்றிக் கேட்டேன். பொரித்தவுடன் சாம்பல் பஞ்சு உருண்டை, நேரான அலகு. வளைவு பிற்பாடுதான் வரும். அதுவரை வடிகட்டத் தெரியாது. அதற்குத் தாய் தகப்பன் இரண்டும் தொண்டைக்குள் சுரக்கும் ஒரு பாலைக் கொடுக்கும். மனிதத் தாய்க்குப் பால் சுரக்க வேலை செய்யும் அதே புரோலாக்டின் ஹார்மோன்தான் இங்கேயும். ஆனால் இந்தப் பால் சிவப்பு. பெற்றவர்கள் தம் உடம்பிலிருக்கும் நிறத்தைப் பாலில் இறைத்துக் கொடுத்துக் கொடுத்து, குஞ்சு வளர வளர தாங்கள் வெளுத்துப் போவார்கள். தொலைநோக்கியில் பார்த்தால் கூட்டத்தில் யாருக்குக் குஞ்சு இருக்கிறது என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடலாமாம். நம் ஊர்ச் சதுப்பில் சாம்பலும் பழுப்புமாகத் தனியாகத் தெரியும் பூநாரைகளை நான் வேறு இனம் என்று நினைத்திருக்கிறேன். அவை இளசுகள். முழு நிறம் வர இரண்டு மூன்று வருஷம் ஆகும்.

கால்தான் அதன் பலவீனம். சிமென்ட் தரையில் நின்றால் பாதத்தில் வெடிப்பும் புண்ணும் வரும். மணலும் தண்ணீரும் வேண்டும். பிடிக்கும்போது அவசரப்பட்டால் கால் ஒடியும். பழைய காலத்தில் பறந்துபோகாமல் இருக்க இறக்கை நுனியை வெட்டிவிடுவது உலகம் முழுக்க வழக்கம். அப்படி வெட்டிய ஆண் பறவைக்குப் பெண்ணின் முதுகில் ஏறி நிற்கும்போது தடுமாறும். முட்டை வரும், கூமுட்டையாக வரும். வலை போட்ட பெரிய கூண்டில் முழு இறக்கையோடு விடுவதுதான் சரி என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். பெரியப்பா இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சநேரம் பேசவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கிளம்பும் வழியில் ஆசியப் பகுதி. பாலி வயல் மாதிரி அடுக்கடுக்காகச் செய்திருக்கிறார்கள். வயல், கொக்கு, நாரை. இதைப் பார்க்க நான் ஏழு கடல் தாண்டி வரவேண்டியதில்லை என்று தோன்றியது. ஆனால் உட்கார்ந்துவிட்டேன். கால் வலி.

நாள் 3: தேக்கா

விடிந்ததிலிருந்து மழை. மத்தியானம் விட்டதும் தேக்கா (லிட்டில் இந்தியா) போனோம். பொங்கலுக்கு நாலு நாள் இருக்கிறது. கேம்பல் லேனில் கரும்புக்கட்டு, மஞ்சள் கொத்து, மண்பானை. பொங்கல் சமயத்தில் இந்தப் பக்கம் மாடு கொண்டுவந்து கட்டுவார்களாம். பிள்ளைகள் வரிசையில் நின்று பார்ப்பார்களாம், படம் எடுப்பார்களாம். எங்கள் தெருவில் மாடு வழியை மறித்துக்கொண்டு நிற்கும், யாரும் படம் எடுக்கமாட்டார்கள். பூநாரையைப் பார்க்க நேற்று நான் காசு கொடுத்ததும் இதே கதைதானே.

கோப்பிக்கடையில் உட்கார்ந்து தே தாரிக் ஆற்றிக்கொண்டு பெரியப்பா ஒரு சங்கதி சொன்னார். இங்கிலாந்தில் ஸ்லிம்பிரிட்ஜ் என்று ஓர் இடம். அங்கே ஆண்டியன் பூநாரைகள் இருக்கின்றன. தென்னமெரிக்க மலை உச்சி உப்பு ஏரிகளில் வாழும் அபூர்வ இனம். 2003-க்குப் பிறகு அவை முட்டையே இடவில்லை. 2018-ல் அங்கே கொடும் வெயில் அடித்தது. அந்த வெயிலில் திடீரென்று முட்டைகள் வந்தன. பார்த்தால் எல்லாம் கூமுட்டை. பராமரிப்பாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பக்கத்திலிருந்த சிலி நாட்டுப் பூநாரைகளின் நல்ல முட்டைகளை எடுத்து இவற்றுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். வளர்க்கட்டும், பெற்றவர் என்ற நினைப்பு மறந்துபோகாமல் இருக்கட்டும் என்று. "நான் மரத்தை வச்சு ஏமாத்தினேன். அவங்க நிஜத்தை வச்சு ஏமாத்தினாங்க" என்றார் பெரியப்பா.

அவசரமும் இல்லை பூநாரைக்கு. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு பூங்காவில் ஒரு பெரும்பூநாரை 2014-ல் செத்தபோது அதற்கு 83 வயதாவது இருக்கும் என்றார்கள். எத்தனை பராமரிப்பாளர்கள் அதற்குத் தீனி வைத்து ஓய்வு பெற்றுப் போயிருப்பார்கள்.

நான் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு விலை கேட்டேன். தஞ்சாவூரிலிருந்து வந்தது என்றார் கடைக்காரர். திருப்பி வைத்துவிட்டேன்.

நாள் 4: சுங்கை பூலோ

கிராஞ்சி எம்ஆர்டியில் இறங்கி 925-ஆம் எண் பேருந்து பிடித்தோம். சுங்கை பூலோ சதுப்புநிலம் 1993-ல் பூங்காவாகத் திறந்தது, 2002-ல் 130 ஹெக்டேர் பாதுகாக்கப்பட்ட நிலம் என்று அறிவித்தார்கள். கூண்டு இல்லை, சீட்டு இல்லை. எதிரே ஜலசந்திக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் கட்டடங்கள். பாலத்திலிருந்து கீழே பார்த்தால் சேற்றில் ஒரு முதலை மரக்கட்டை மாதிரிக் கிடந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. நான் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

தண்ணீர் இறங்கும் நேரம். உப்புக்கொத்திகள் கூட்டமாக நின்று தூங்கின. பவளக்காலிகள் ஓடி ஓடிக் குத்தின. சைபீரியாப் பக்கமிருந்து ஆஸ்திரேலியா வரைக்கும் போகிற பாதையில் இது ஒரு சத்திரம். நம் கோடியக்கரை வேறு பாதையில் இருக்கும் சத்திரம். பாஷை வேறு, சேற்று வாசனை ஒன்றுதான்.

அப்புறம்தான் நாரைகள். ஆறு இருந்தன. தூரத்திலிருந்து பார்த்ததும் "நம்ம சங்குவளை நாரை!" என்றேன். வேடந்தாங்கலில் மரம் மரமாக உட்கார்ந்திருக்குமே, அது. பெரியப்பா தொலைநோக்கியைக் கொடுத்தார். "மார்ல பட்டை பாரு."

சங்குவளை நாரைக்கு மார்பில் கறுப்பு வெள்ளையாக ஒரு பட்டை இருக்கும், வால் பக்கம் ரோஸ் இறகு இருக்கும். மில்கி ஸ்டோர்க் என்று ஒன்று, பால் வெள்ளை நாரை. அதற்கு மார்பு சுத்த வெள்ளை, ரோஸும் கிடையாது. நான் பார்த்த ஆறில் ஒன்றுக்குப் பட்டை முழுசாக இருந்தது. ஒன்றுக்கு இல்லவே இல்லை. மற்ற நாலுக்கும் பட்டை பாதி அழிந்த கோலம் மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று சொல்லமுடியாதபடி.

கலப்பு. பால் வெள்ளை நாரை மலேசியா, இந்தோனேசியாப் பக்கத்துப் பறவை, அழிந்துகொண்டு வருகிறது. சங்குவளை நாரை நம் நாட்டுப் பக்கமும் இருக்கும் பறவை. இங்கே பறந்துகொண்டிருப்பவை உயிரியல் பூங்காக்களில் வளர்ந்து வெளியே பறந்தவற்றின் வாரிசுகள். ஒரே மரத்தில் கூடு கட்டின, ஜோடி சேர்ந்தன. கலப்புக் குஞ்சும் மலடில்லை, மறுபடி யாரோடும் சேரும். இப்படியே போனால் சுத்தமான பால் வெள்ளை நாரை எது என்று மரபணு பார்த்துத்தான் சொல்லவேண்டும், பார்த்தும்கொண்டிருக்கிறார்கள். அடைத்து வளர்க்கும் இடங்களில் பூநாரை இனங்களையும் இதனால்தான் கலந்து வைக்கக்கூடாது என்பார்கள். சிலி நாட்டுப் பூநாரையும் அமெரிக்கப் பூநாரையும் ஒரே குளத்தில் இருந்தால் கூச்சப்படாது.

நீர்ப்பறவை வளர்ப்பில் முட்டை எடுப்பது பாதி வேலைதான், மீதிப் பாதி கணக்குப் பிள்ளை வேலை என்று பெரியப்பா சொன்னது இங்கேதான் விளங்கியது. ஒவ்வொன்றின் காலிலும் வளையம், வளையத்தில் எண். அது யாருக்குப் பிறந்தது, யாரோடு சேர்ந்தது, ஆணா பெண்ணா என்று ஏடு. பூநாரையில் ஆண் பெண் பார்த்துச் சொல்வது கஷ்டம், இறகையோ ரத்தத்தையோ சோதனைக்கு அனுப்பவேண்டும்.

"இதுங்களுக்கு வளையம் இல்லையே பெரியப்பா?"

"இதுங்க கணக்கை யாரு எழுதறது? வெளியே போனப்புறம் கல்யாணம் அதுங்க இஷ்டம்."

கோபமாகச் சொல்கிறாரா, பெருமையாகச் சொல்கிறாரா என்று பார்த்தேன். தொலைநோக்கி முகத்தை மறைத்திருந்தது. அரைமணி நேரம் அந்தப் பட்டை அழிந்த நாரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் உடும்பு எங்கள் பெஞ்சுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போனது. இரண்டு பேரும் காலைத் தூக்கிக்கொண்டோம்.

நாள் 5: மறுபடி சாங்கி

பெரியம்மா கொடுத்தனுப்பிய பொட்டலங்களால் பெட்டி இரண்டு கிலோ கூடிவிட்டது. ஒரு சட்டையை எடுத்து மேலே போட்டுக்கொண்டேன். வியர்த்துக்கொண்டே விடைபெற்றேன்.

பொய் முட்டையைக் கேட்டுப் பார்த்தேன், ஊரில் வைத்துக்கொள்கிறேன் என்று. தரமாட்டேன் என்றார். பேரன் பிள்ளைக்காம். பேரனுக்கே இப்போது பதினாலு வயசுதான்.

உள்ளே போகும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் என் கைப்பேசியை வாங்கி, கேமரா எப்படி வேலை செய்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப ஊர்ல வந்திருக்குமா?"

"வந்திருக்கும் பெரியப்பா. மார்கழி மாசம்தானே. போனவாரம் தம்பி பாத்தேன்னு சொன்னான்."

"ஒரு நாள் விடியக்காலைல கோடியக்கரை போயி, சத்தத்தோட எடுத்து அனுப்பு. கிட்டப் போகாதே. பளிச்சுனு எதுவும் போட்டுக்காதே."

"எத்தனை இருந்தா எடுக்கட்டும்?"

"எண்ண முடியாத அளவுக்கு இருக்கறப்ப எடு. முப்பது வருஷம் தினம் காலைல எழுந்து எண்ணியாச்சு."

அடுத்த சனிக்கிழமை முதல் பேருந்தில் கோடியக்கரை போகிறேன். கறுப்புக் குடையும் தம்பியின் பழைய காக்கிச் சட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன்.